படம் மட்டும் வரும் பெட்டி

திருப்பதிக் கடையில் என் கணவர் ஆசிர் இரண்டு மீடியா பிளேயர்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மகன், சித்தூர் சர்ச்சில் அவர் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பைபிள் பாடம் வாசித்ததை வீடியோ எடுத்திருந்தான். அதை டிவியில் பார்க்கத்தான் இந்தப் பெட்டி; பென் டிரைவில் கொண்டுபோய்க் கடை டிவியிலேயே போட்டுப் பார்த்தோம்.

கடையில் பெருமாள் பாட்டு உரக்க ஓடியது. "அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, சத்தமும் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"அவங்க சாமி பாட்டு ஓடிக்கினு இருக்குது. நாம போய் நிறுத்தச் சொன்னா நல்லாவா இருக்கும்? படம் பளிச்சுன்னு வருது லீனா, சத்தம் எங்க போயிடும்?"

படம் பளிச்சென்று வந்த பெட்டியை வாங்கினோம். திரும்பும் பஸ்ஸிலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்து உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த பிறகு பெட்டியை மாட்டினேன். அவர் வாசிக்கிறார், குரல் வரவில்லை.

"இந்த ஆடியோ இதுல ராதும்மா, வராது. இன்னொண்ணுல வந்திருக்கும், அது இப்ப ஸ்டாக் லேது" என்றார் கடைக்காரர் போனில்.

"கம்ப்யூட்டர்ல மாத்திடலாம்மா, ஈஸி. லீவு கெடைக்கட்டும்" என்கிறான் அமெரிக்காவிலிருந்து மகன்.

யார் சாமிக்கோ அவர் காட்டிய மரியாதைமேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ஆனாலும் தினமும் போட்டுப் பார்க்கிறேன். அவர் வாசிப்பது, 'பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும்' என்று வரும் லூக்கா இரண்டாம் அதிகாரம்.