காதுக்கு மார்க்

சுரங்கத்தில் கன்வேயர் பக்கமே முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த அசோக்குமாருக்குத் தன் காதைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. உலகம்தான் வரவர முணுமுணுக்கிறது என்பது அவர் கட்சி. காதடைப்பான் கொடுத்திருந்தார்கள், அதை அத்தனை வருஷமும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தது அவருடைய சொந்த புத்தி.

மனைவி ருக்குமணிதான் அவரைக் காது பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். சோதித்த இளவேனில் என்ற பெண் கடைசியில் ஒரு தாளை நீட்டினாள்.

"எவ்வளவு கேக்குதுன்னு மிஷின் சொல்லிடுச்சு சார். அதனால வீட்ல, வெளியில என்ன கஷ்டம்னு நீங்கதான் சொல்லணும்."

பத்துக் கேள்விகள். 'ஆமாம்' என்றால் நாலு மார்க், 'சில நேரம்' என்றால் இரண்டு, 'இல்லை' என்றால் பூஜ்யம். அசோக்குமார் பத்துக்கும் மளமளவென்று 'இல்லை' போட்டுவிட்டு, பரீட்சையை முதலில் முடித்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இளவேனில் அதே தாளை ருக்குமணியிடமும் கொடுத்தாள். அவள் கால் மணி நேரம் எழுதினாள். மொத்தம் முப்பத்தெட்டு.

"என் காதுக்கு நீ மார்க் போடுறியா?" என்று தாளைப் பிடுங்கினார். 'வெளியாரிடம் பேசும்போது சங்கடம் நேர்கிறதா?' என்பதற்கு நேரே அவள் எழுதியிருந்தாள்: 'சின்னதுரை அண்ணன் சாவுக்குப் போனோம். கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாருன்னு அவர் சம்சாரம் அழுதாங்க. இவர் கும்பிட்டு, ரொம்ப சந்தோஷம்னார்.'

அசோக்குமாருக்கு முகம் சுட்டது. "வந்ததுக்கு நன்றி சொல்றாங்கன்னு நெனச்சேன்டி!" அன்று சாவு வீட்டுக் கூடமே அடங்கிப்போனதைத் துக்கம் என்று எண்ணி, இன்னொரு கும்பிடு வேறு போட்டிருந்தார்.

கடைசிக் கேள்வி, குடும்பத்தில் பேச்சு குறைந்திருக்கிறதா என்பது. 'ஆமாம். முக்கியமானதைக் கத்திச் சொல்லிடுவேன். சின்னச் சின்ன விஷயம் சொல்றதை விட்டுட்டேன்.'

அசோக்குமார் இன்னொரு தாள் கேட்டு வாங்கி, மெதுவாக எழுதினார். நாற்பது வந்தது.

"பள்ளிக்கூடத்துலகூட நான் முழு மார்க் வாங்கினதில்லம்மா" என்றார். இளவேனில் சிரித்துக்கொண்டே காது கருவிக்கு அளவெடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து ருக்குமணி என்னவோ சொன்னாள். அவர் சுரங்க டவுன்ஷிப்பின் பதினாறாவது பிளாக் முனையில் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, முழுசாகத் திரும்பினார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லங்க. அந்த குவார்ட்டர்ஸ் வாசல்ல முருங்கை பூத்திருக்கு."

பார்த்தார். பூத்துத்தான் இருந்தது.