மூன்று அறை, ஒரு மாடிப்படி

தெற்கு ரதவீதியில் நிர்மலாதேவி நடத்தும் லாட்ஜில் மூன்றே அறைகள், மூன்றும் மாடியில். கீழே அவளும் கணவன் இசக்கிராஜாவும் குடியிருந்தார்கள். மெத்தை மாற்றியாயிற்று, டிவி வைத்தாயிற்று, செல்போனில் அறைகளின் படமும் போட்டாயிற்று. வருகிறவர்கள் மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பார்கள், "பொறவு வாரோம்" என்பார்கள். அந்தப் பிறகு வந்ததே இல்லை.

"இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் ஆள் வரலைன்னா மாடியைச் செல்போன் கடைக்காரனுக்குக் குடோனுக்கு விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டான் இசக்கிராஜா. கெட்டவன் இல்லை. காலி அறைகளைப் பெருக்கிப் பெருக்கி அவள் வாடுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கோ லாட்ஜ்தான் உயிர்.

கோயிலில் கொடியேறியதும் கோமதியம்மனிடமே முறையிடப் போனாள். ஆடிச்சுற்று என்று ஊரே கோயிலை நூற்றெட்டு முறை வலம் வரும். லாட்ஜ் வாசலை விட்டு நகராத மகராசி மட்டும் ஒரு வருஷமும் சுற்றியதில்லை. இந்த வருஷம் சுற்றினாள்.

சாயங்காலம் திரும்பும்போது பாதம் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. மாடியில் காயும் போர்வைகளை எடுக்கப் படியில் கால் வைத்தாள். இரண்டாவது படியிலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏங்க, இங்கன வாங்க. நூத்தியெட்டுச் சுத்திட்டு வாரவங்களை மாடி ஏறச் சொல்லியிருக்கோம், இத்தனை வருசமா."

இசக்கிராஜா படியைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான்.

"நம்ம கட்டிலை மேல ஏத்தணும். அதான சொல்லுத?"

மறுநாள் காலையில் குடித்தனம் மாடியில் ஓர் அறைக்கு ஏறியது. சுற்றி வந்தவர்களுக்குக் கீழேயே இடம், கால் வைக்க வெந்நீரும் உண்டு என்று வாசலில் அட்டை தொங்கியது. மத்தியானத்துக்குள் இளையரசனேந்தலிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சுற்றிய பெண்கள் கீழே, துணைக்கு வந்த ஆண்கள் மாடியில் இரண்டு அறைகளில்.

விளக்கு வைத்த நேரம் செல்போன் கடைக்காரன் குடோன் விஷயமாகப் போனில் கூப்பிட்டான்.

"இடம் இல்ல வே. நிறைஞ்சிட்டு" என்றான் இசக்கிராஜா.

வாசல் மேஜைக்குப் பின்னால் வெந்நீரில் கால் வைத்திருந்த நிர்மலாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மேல வா, கொஞ்சம் படு."

"என்னால படி ஏற முடியாதுங்க."

அவன் முணுமுணுத்துக்கொண்டே மேலே போய், பாயும் இரண்டு தலையணையும் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டான். இரண்டாவது தலையணையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களும் இங்கனதான் படுக்கப் போறீங்களா?"

"பின்ன?"

"அப்பம் மேல நம்ம அறை சும்மாத்தான கெடக்கு" என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.