செங்கம்மாள் அழுத அழுகை

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் ஒரே ரகளை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் ஜோசப் பொன்னேரியிலிருந்து பேப்பர் வாங்கி வந்திருந்தான். இந்த வருஷத்துச் சினிமாப் பரிசுக்கு யார் யார் பெயர் போட்டியில் இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. நம்ம ஆளை விட்டுவிட்டான்களே என்று ஒரு கூட்டம் கொதித்தது. உன் ஆளுக்கு நடிக்கத் தெரிந்தால்தானே போடுவான் என்று இன்னொரு கூட்டம் வாயைக் கிளறியது. எவனுக்கோ கிடைக்கப் போகிற கேடயத்துக்கு இவர்கள் கழுத்து நரம்பு புடைத்தது.

கடையோரம் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த செங்கம்மாளுக்கு நடிகர் சண்டையில் அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படத்தின் சங்கதி. பழவேற்காட்டு ஏரிக்கரையில், இவர்கள் குப்பத்திலேயே எடுத்த படம் அது. அதில் வரும் ஒப்பாரி செங்கம்மாள் குரல்.

அந்த ஒப்பாரியால் அவள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. அவள் புருஷன் தேசப்பன் ஒரு புயலில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. இந்தக் குப்பத்தில் உடம்பு கரைக்கு வராதவரை ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால் ஆள் செத்தான் என்று வீட்டாரே ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவரைக்கும் பெண்சாதி பூவும் பொட்டுமாய் இருப்பாள். ஏரியில் வலை விட ஊர் வீட்டுக்கு வீடு நாள் பிரித்துக் கொடுத்த முறையும் அவன் பெயரிலேயே நிற்கும். செங்கம்மாள் அந்த முறைக்குக் கூலியாள் வைத்து, வந்த மீனை விற்று, இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். ஆனால் அழத்தான் முடியவில்லை. அழுகை நெஞ்சில் அடைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் படக்காரர்கள் வந்து ஒப்பாரிக்கு ஆள் தேடினார்கள். பிணமில்லாமல் ஒப்பாரி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். செங்கம்மாள் போனாள். சினிமாதானே, யார் என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்துவிட்டாள், பாவி! பாடையில் ஒரு வைக்கோல் பொம்மையைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். என் ராசா என்று தொடங்கியவள்தான். பிறகு மைக்கும் தெரியவில்லை, சுற்றி நின்ற ஜனமும் தெரியவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் வாய்விட்டு வந்தது. டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, படத்தில் உன் பெயரைப் போடுகிறேன் அம்மா என்றார்.

மறுநாளே கொழுந்தன் முனிகிருஷ்ணன் பஞ்சாயத்தைக் கூட்டினான். அண்ணியே ஊரறிய ஒப்பாரி வைத்துவிட்டாள், இனி அண்ணன் செத்தவன்தான் என்றான். சினிமாவுக்குத்தான் அழுதேன் என்று இவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். எது நடிப்பு, எது வயிற்றிலிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்குத் தெரியாதா? தாலியைக் கழற்றினார்கள். வளையலை உடைத்தார்கள். வலை முறை தம்பிக்குப் போயிற்று, செங்கம்மாள் கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள்.

படமும் வந்தது. அவள் பெயரை எங்கேயும் போடவில்லை. கொட்டகையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு எல்லம்மா, குரல் உன்னுடையதுதான், வாயசைக்கிறது கதாநாயகியாக நடித்த நடிகை என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். போகட்டும், பரிசு என்று வந்தால் அழுதது யார் என்று விசாரிக்காமலா இருப்பார்கள் என்று செங்கம்மாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜோசப்பு, நம்ம ஏரிப் படம் கீதான்னு பாருப்பா" என்றாள்.

ஜோசப் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். சிறந்த நடிகைக்கான போட்டியில் அந்த நடிகையின் பெயர் இருந்தது. ஒப்பாரிக் காட்சியில் அவர் சொந்தக் குரலிலேயே கதறியது கல்லையும் கரைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"நல்லதாப் போச்சு அண்ணி. அழுதது அந்தம்மாதான்னு பேப்பர்லயே போட்டுட்டான். உங்க ஊட்டுப் பொம்பள கொட்டாயில அழுவுதேன்னு இனிமே ஒருத்தனும் என்னைக் கேக்க மாட்டான்."

செங்கம்மாள் எழுந்தாள். "அழுதது அந்தம்மாவா?"

"அப்டித்தான் போட்டுக்கீது."

"அப்ப நான் அழுவல. உங்க அண்ணன் சாவல. என் தாலியக் குடு. வலை முறையக் குடு."

முனிகிருஷ்ணனுக்கு முகம் செத்துவிட்டது. பேப்பரில் ஆயிரம் போடுவான், அதெல்லாம் நிஜமாகிவிடுமா, நீ அழுததை ஊரே கேட்டதே என்று இரைந்தான்.

"தாலி அறுக்கறதுக்கு என் குரலு. பரிசு வாங்கறதுக்கு மட்டும் அவ குரலா?"

தாலி கழற்றிய பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்ன பெரியவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார். இன்னொருவர் டீயில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரனிடம் குறைபட்டுக்கொண்டார். முனிகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தான். அன்றைக்கு ஏரியில் வலை விடுவது அவன் கைக்குப் போன தேசப்பன் முறை.