வேப்பிலையை நக்கிய பொன்னி

1.

திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி, பால் மறக்கடிக்க மார்பில் பூசிய வேப்பிலையைத் தன் பிள்ளை நக்கித் தின்ற கூத்தைச் சொல்லிச் சிரித்தாள். கதை கிடைத்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குப் பூமாலை என்று பெயர் வைத்து, 1943-க்குக் கொண்டுபோய்விட்டேன்.

முதல் வரி: "யுத்த மேகங்கள் சூழ்ந்த அக்காலத்தே, மாதர்குல மாணிக்கமான..."

சீ, வேண்டாம்.

2.

நேராகவே சொல்கிறேன். பூமாலையின் புருஷன் வெங்கடாசலம் பட்டாளத்துக்காரன். லீவு முடிந்ததும் விழுப்புரத்தில் ரயிலேறி பர்மா சண்டைக்குப் போக வேண்டும். அதற்குள் தன் வயிற்றில் இன்னொன்று தங்கிவிட வேண்டும் என்று அவள் துடிக்கிறாள். ஆனால் மகள் பொன்னி, ஓடி விளையாடும் வயதிலும், விடிய விடியப் பால் குடிக்கிறாள். அதனாலேயே பிரசவத்துக்குப் பிறகு பூமாலைக்கு இன்னும் தீட்டே வரவில்லை.

(மாமியார் கோவிந்தம்மாளைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. மருமகளைவிட அவளுக்குத்தான் அவசரம்.)

"வேப்பிலைய அரைச்சிப் பூசுடி. ஜல்தியா மறந்துடும்" என்றாள்.

பூசினாள். பொன்னி முகத்தைச் சுளித்தாள், நக்கினாள், அடுத்த பக்கத்தையும் கேட்டாள்!

3.

பூமாலை யோசனை கேட்கப் போன திண்டிவனம் ஆஸ்பத்திரி நர்சு ஜெயத்துக்கு ஒரு பக்கப் பிரசங்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மிஞ்சியது இது:

"வெடுக்குனு நிறுத்தாதம்மா. ராத்திரிப் பாலை மட்டும் கொறச்சிக்கினு வா. புள்ளைக்குக் கேப்பைக்கூழ் ஊட்டு, நீயும் நல்லா சாப்புடு. தீட்டு திரும்பட்டும்.* அப்பால ஒண்ணு தங்கிச்சின்னா பால் ருசியே மாறிடும். சில புள்ளைங்க தானா விட்டுடும்."

* தீட்டு திரும்புமுன்பே தங்குவதும் உண்டு என்றாள். என் கதைக்கு அது தோதாக இல்லை. அதனால்தான் இங்கே அடியில்.

4.

ஒரு காலை, கொல்லையிலிருந்து பூமாலை கூவினாள்: "அத்தே! வந்துடுச்சி!"

பிள்ளை வேண்டுகிறவள் தீட்டு வந்ததற்காகக் குதிப்பதை நான் எழுதியதே இல்லை. எழுதிக்கொண்டே நானும் எழுந்து நின்றுவிட்டேன்!

வழக்கப்படி அவளைக் கொட்டகையில் ஒதுக்கி உட்காரவைத்த கோவிந்தம்மாள், மகனைப் பிடித்துக்கொண்டாள். "இவ தலைமுழுவி உள்ள வர்ற வரிக்கும் லீவு இருக்குதாடா?"

"ஏம்மா பேஜாரு பண்ற? அதுக்கு மேலயும் இருக்குது" என்றான், வெட்கத்தில் முகம் சிவந்துபோய்.

5.

அவன் போய்விட்டான். ரயில் நகரும்போது பூமாலை கத்தினாள்: "நீ வர்றப்ப நாங்க மூணு பேரா நிப்போம்!"

முடிவு ஒன்று: தங்கியது. முடிவு இரண்டு: தங்கவில்லை, அவனும் சண்டையிலிருந்து...

இல்லை, இதை எழுத மாட்டேன்.

போன மாதம் வா வா என்று அழைத்த தீட்டை, இந்த மாதம் வராதே என்று கெஞ்சுகிறாள். நாளும் தள்ளிவிட்டது! ஆனால் பால் கொடுக்கிறவளுக்கு நாள் தள்ளுவதை எப்படி நம்புவது?

பொன்னி மடியேறி வாய் வைத்தாள். உடனே எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள். வேப்பிலையையே நக்கியவள்!

"அத்தே, இங்க வாங்களேன்!"

பால் ருசி மாறிவிட்டதா, கூழ் குடித்த வயிறு நிறைந்திருக்கிறதா? எனக்குக் கை ஓடவில்லை. கோவிந்தம்மாள் ஓடி வருகிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.