ஒன்பதாம் நம்பர் வீடும் ஒரு டம்ளர் தண்ணீரும்

எல்லாரும் சௌக்கியம்தானே? வீட்டில் குழந்தைகளுக்குச் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இந்தக் குளிரில் வெந்நீராகவே குடியுங்கள். இன்றைக்குச் சொல்லப்போவதும் தண்ணீர் குடித்த கதைதான். கேட்டால் வயிற்றைக் குமட்டும். குமட்டட்டும், நல்லதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தேசிகன் என்பவர் வரிசை வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றை நடத்திவந்தார். அங்கே டைப்பிஸ்ட் வேலை பார்த்தவள் ருக்கு. காலையில் வந்ததும் அவள் முதலில் தொடுவது டைப்ரைட்டரை அல்ல. மண்பானையில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள்.

வீடு கேட்டு யார் வந்தாலும் தேசிகன் பெஞ்சில் உட்காரச் சொல்வார். குரலில் அவ்வளவு பரிவு இருக்கும். "வெயில்ல வந்திருக்கேள். ருக்கு, இவாளுக்கு ஜலம் கொடு."

வந்தவர் டம்ளரை உயரத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டால், ருக்கு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். உதட்டில் வைத்துக் குடித்தால், டம்ளரை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டும். தேசிகன் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார். "அடடா, கடைசி வீடும் நேத்துதான் போச்சு. ஒரு நாள் முன்னாடி வந்திருக்கப்படாதோ?"

முன்பெல்லாம் நேராகவே ஜாதி கேட்டவர்தான் அவர். அப்படிக் கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று சட்டம் வந்ததும், எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பது தன் ஜாதிக்காரர் வழக்கம் என்று இந்த வழியைக் கண்டுபிடித்தார். "கேட்டாத்தானே குத்தம்? தாகத்துக்குத் தண்ணி கொடுக்கறது புண்ணியம்னா" என்று சிரிப்பார். சுவரில் ஒரு பலகையும் மாட்டியிருந்தார்: 'இங்கு யாரிடமும் சாதி, மதம் கேட்பதில்லை.'

ருக்குவுக்கு இது பிடிக்கவில்லைதான். ஆனால் அவள் கணவன் ஸ்ரீகண்டன் ஈளை இழுப்புக்காரன், வேலைக்குப் போக முடியாதவன். அவர்கள் குடியிருந்த மூன்றாம் நம்பர் வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போய்விடும். அதனால் இரண்டு வருஷமாகக் கண்டவர் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாத்திமா என்ற பள்ளிக்கூட டீச்சர், "தண்ணி ஜில்லுனு இருக்கும்மா" என்று அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, வீடு இல்லாமல் திரும்பிப் போனதையும் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வந்த டம்ளரை வெளியே நின்று எடுத்துக்கொள்பவள் லட்சுமம்மா. முற்றம் பெருக்குகிறவள். புளியும் சாம்பலும் போட்டு அவள் தேய்த்த பிறகுதான் டம்ளர் மறுபடி உள்ளே வரும். அவளுக்கு அதில் குடிக்க அனுமதி இல்லை. குழாயடியில் கையைக் குவித்துக் குடித்துக்கொள்வாள்.

கம்பெனியில் பாதிப் பணம் போட்டவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த யூஜின் என்ற கிறிஸ்தவர். மாதம் ஒருமுறை வருவார். அவருக்கென்று பெயர் வெட்டிய ஒரு டம்ளர் அங்கே இருந்தது. அதில் அவருக்கு மகா பெருமை. "என் சொந்தத் தம்பி வீட்டுல கூட எனக்குன்னு ஒரு டம்ளர் கிடையாது. தேசிகன் பிரியத்தைப் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

டிசம்பர் பத்தாம் தேதி மனித உரிமை நாள். சாயங்காலம் ஒரு சங்கத்தில் 'மனித உரிமையும் எங்கள் கம்பெனியும்' என்று தேசிகன் பேசப்போகிறார். அவர் சொல்லச் சொல்ல ருக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குச் சேர்ந்து போகலாம் என்று வந்த யூஜின், தன் டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு கணவனும் மனைவியும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அந்தப் பெண்ணை ருக்குவுக்கு நினைவிருந்தது. பெயர் தனக்கோடி, ஆஸ்பத்திரி நர்ஸ். ஒன்றரை மாதம் முன்பு வந்து, டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனவள். இப்போது நிறைமாதம். கணவன் முனிகிருஷ்ணன் ஃபேக்டரியில் ஃபிட்டர்.

"சார், ஒன்பதாம் நம்பர் வீடு பூட்டியே கெடக்குது. வர்றப்போ பார்த்துட்டுத்தான் வர்றோம்" என்றான் முனிகிருஷ்ணன். "நாங்க இருக்கறது கண்டோன்மெண்ட் பக்கம் சந்துல. மழை பெஞ்சா சாக்கடை உள்ளார வருது. புள்ளை பொறக்கறதுக்குள்ள மாறிடணும்."

"அதுக்கென்ன, பார்ப்போம். உட்காருங்கோ. ருக்கு, ஜலம்."

தனக்கோடி டம்ளரை வாங்கினாள். கணவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து டம்ளரை உயரத் தூக்கினாள். இரண்டு மடக்கு சரியாக இறங்கியது. மூன்றாவது மடக்கு புரையேறிவிட்டது. தண்ணீர் மூக்கில் ஏறி, மோவாயில் வழிந்து, புடவையெல்லாம் நனைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க இருமினாள். முனிகிருஷ்ணன் அவள் முதுகைத் தடவினான். இருமலுக்கு நடுவிலும் அவள் டம்ளரைக் கீழே விடாமல், வாயில் படாமல், தள்ளியே பிடித்திருந்தாள்.

தேசிகன் அசையவில்லை. உதட்டோரம் லேசாகச் சுழித்தது. "பழக்கமில்லை போலிருக்கு" என்றார். "ஒன்பதாம் நம்பர் பேசி முடிச்சாச்சும்மா. அவா இன்னும் குடி வரலை, அவ்வளவுதான்."

இருவரும் எழுந்து வெளியே போனார்கள். ருக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தனக்கோடி துண்டை வாங்கவில்லை.

"நாலு நாளா வீட்ல பழகினேம்மா" என்றாள். "வீட்ல சரியாத்தான் வந்துச்சு."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? போன தடவை நீங்க என் மூஞ்சியப் பாக்கல, வாயப் பாத்தீங்க. நானும் ஆஸ்பத்திரில மனுசங்க வாயப் பாக்கறவதான். நான் சீக்கு என்னன்னு பாப்பேன். நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

ருக்கு துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இங்கேயே இருங்கோ. போயிடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்கே விட்டோம்?" என்றார் தேசிகன். "ம், எங்கள் வாசலுக்கு வரும் எவரையும் நாங்கள் மனிதராக மட்டுமே பார்க்கிறோம். போடு."

"என்னால அடிக்க முடியாது சார்."

"ஏன், ரிப்பன் தேஞ்சு போச்சா?"

"ரிப்பன் நன்னாத்தான் இருக்கு. எனக்குத்தான் அருவருப்பா இருக்கு." அவள் யூஜின் பக்கம் திரும்பினாள். "ஒன்பதாம் நம்பரை யாருக்கும் பேசி முடிக்கலை சார். தண்ணி குடிக்கற தினுசைப் பார்த்துத்தான் இங்கே வீடு. தூக்கிக் குடிச்சா உண்டு, வாய் வெச்சுக் குடிச்சா இல்லை. ரெண்டு வருஷமா நான்தான் பார்த்துச் சொல்றேன்."

யூஜின் பேப்பரை மடித்தார். "என்ன பேச்சு இது? நானும் வாய் வெச்சுத்தான் குடிக்கிறேன்."

"அதனாலதான் உங்களுக்குத் தனி டம்ளர்."

யூஜின் மெதுவாக ஜன்னலைப் பார்த்தார். அவர் பெயர் வெட்டிய டம்ளர் அங்கே விளிம்பில் இருந்தது. அதை எடுக்க வந்த லட்சுமம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"லட்சுமம்மா, அதை என்ன பண்ணுவே?"

"புளி போட்டுத் தேப்பேன் சாமி. மத்தவங்கது ஒரு தபா, உங்களுது ரெண்டு தபா. ஐயா உத்தரவு."

தேசிகனுக்கு முகம் கறுத்தது. "ருக்கு, மூணாம் நம்பர் வீடு ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் ஞாபகம் இருந்தது."

யூஜின் எழுந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "என் பணத்துல கட்டின வீடு, என் எச்சிலுக்குப் புளி. அசிங்கமா இருக்கு தேசிகன். பாதி கம்பெனி என்னோடது. ஒன்பதாம் நம்பர் சாவி இப்பவே வரணும். மூணாம் நம்பர் பக்கம் நீங்க போகக்கூடாது. சாயங்காலம் நீங்க எதுவும் பேசவும் வேண்டாம்."

சாவியை ருக்குவே கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு டம்ளர் தண்ணீரும் நீட்டினாள். தனக்கோடி சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி வேணாம்மா. வீடு வேணும், அதனால வாங்கிக்கறேன். அதுக்காக உங்களையெல்லாம் நல்லவங்கன்னு சொல்லமாட்டேன்" என்றாள். பிறகு, வாசல்வரை வந்து நின்ற தேசிகனைப் பார்த்துச் சொன்னாள்: "வீடு கேட்டு வர்றவங்ககிட்ட வாடகை ஒழுங்கா குடுப்பியான்னு கேளுங்க சார், அது உங்க உரிமை. எப்படிக் குடிப்பே, எப்படிச் சாப்பிடுவேன்னு வேவு பாக்கறதுக்கு உங்களுக்கு உரிமை கெடையாது. மனுசனுக்கு மனுசன் குடுக்கற தண்ணியில பரீட்சை வெக்காதீங்க. அதவிட அசுத்தம் எந்த வாயிலயும் இல்ல."

மறுநாள் பானை வாசலுக்கு வந்தது. டம்ளர் ஒன்றே ஒன்று. லட்சுமம்மாவும் அதில்தான் குடித்தாள். வீடுகள் முதலில் வந்தவருக்கு முதலில் என்று ஆயிற்று. சுவரில் இருந்த பலகையை யூஜின் கழற்றிவிட்டார். அப்படி நடக்கிற இடத்துக்குப் பலகை எதற்கு?

சட்டம் கேட்கக்கூடாது என்கிறதைக் கண்ணால் கேட்பதும் குற்றம்தான். அதற்குக் கைகொடுத்துவிட்டு 'நான் வேலைக்காரிதானே' என்று ஒதுங்குவதும் குற்றம்தான். இதை மறந்துவிடாதீர்கள். சரி, உங்களுக்கு வீடு கிடைக்காமல் போனது எந்தக் கேள்வியால்? அல்லது கேள்வியே இல்லாமலா? வீடு கொடுக்கிற இடத்தில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிக்கிறேன்.