தாண்ட முடியாத ஆட்சேபம்

திருமுருகன் நல்ல இங்கிலீஷ் வாத்தியார். அதை நான் மறுக்க மாட்டேன். திண்டிவனத்துப் போட்டித் தேர்வு சென்டரில் அவன் இங்கிலீஷ், நான் கணக்கு. எந்த வார்த்தையோடு எந்த வார்த்தை சேரும் என்று அவன் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடக் காது கொடுக்கும். "அப்ஜெக்‌ஷனுக்கு முன்னாடி ஸ்ட்ராங் போடலாம், சீரியஸ் போடலாம். தாண்டவே முடியாத ஆட்சேபம்னா இன்சர்மவுன்டபிள் அப்ஜெக்‌ஷன். ஹெவி அப்ஜெக்‌ஷன்னு எழுதி என் மானத்த வாங்காதீங்க" என்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் கல்யாணப் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் அதே சரக்கு எனக்கும் வந்தது. முதல் வருஷம், "அம்மா ஸ்ட்ராங்கா அப்ஜெக்ட் பண்றாங்க இசை, கொஞ்சம் பொறுத்துக்க." அடுத்த வருஷம் அது சீரியஸ் ஆனது. போன மாசம் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்சர்மவுன்டபிள்" என்றான். அதற்கு மேல் வார்த்தை கிடையாதாம். முகத்தில் வருத்தம் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவை நேரில் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

பிரம்மதேசத்தில் அவன் அம்மா வெள்ளையம்மாள் களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். பெயர் இசைவாணி, திருவாமாத்தூர் பக்கத்துக் காலனி, அம்மா சவுரியம்மாள் கூலி வேலை, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். உங்கள் மகனும் நானும் மூன்று வருஷமாகப் பழகுகிறோம், நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. "நான் எப்பம்மா வேணாம்னேன்? அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்கதான் ஒத்துக்கலன்னு மூணு வருஷமா சொல்றாரு" என்றேன்.

"சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். பொய் எதுக்கு. சோறு துன்னாமகூடக் கெடந்திருப்பேன். அப்பால என்ன பண்ணியிருப்பேன், ஒத்தப் புள்ள. போன வாரம் அவன்தான் மயிலத்துல பொண்ணு பாக்கணும்னு ஜல்தி பண்ணி இட்டுக்கினு போனான். பூ வெச்சிட்டு வந்துட்டோம்." பக்கத்தில் கிடந்த செடிகளைத் தள்ளி இடம் செய்தார். "வெயில்ல நிக்காத. இப்படி வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒரு செடியை எடுத்து ஆய்ந்தேன். இவ்வளவு நாளும் இந்த மனுஷியையா சபித்துக்கொண்டிருந்தேன்?

திரும்பும் பஸ்ஸில் அவன் போன் வந்தது. அழுவான், மன்னிப்பாவது கேட்பான் என்று நினைத்தேன்.

"வீட்டுக்குப் போனியாமே. காலனின்னு சொல்லிட்டியா?" என்றான். குரலில் அப்படி ஒரு பயம்.

"சொன்னேன்" என்றேன். "உங்கம்மா பக்கத்துல உக்கார வெச்சாங்க. நீதான்டா மூணு வருஷமா என்ன வெளியவே நிக்க வெச்சிருந்த."