மாவுக்கட்டுக் கல்லறை

ஆஸ்பத்திரியில் கை கால் முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது என் தலைவிதி என்று சொன்னால் போதகர் கோபித்துக்கொள்வார். ஆகவே அது என் ஊழியம். ஒன்பது பிள்ளைகள், ஒன்றுகூட எட்டு வயதைத் தாண்டாத வாலுகள். வாயால் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடும். கையில் வேலையைக் கொடுத்தால்தான் அடங்கும்.

அதனால் இந்தப் புனித வெள்ளிக்கு இயேசுவின் கல்லறையைக் கட்டுவதென்று முடிவெடுத்தேன். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை வளைத்துக் குகை மாதிரி ஆக்கி, ஆலயக் கூடத்தின் மூலையில் மேஜைமேல் வைத்தேன். காலாவதியான மாவுக்கட்டுச் சுருள்கள் ஒரு பை நிறைய இருந்தன. பிள்ளைகள் அவற்றைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வலைமேல் ஒட்டினார்கள். வலையைவிடத் தங்கள் தலைமுடியில்தான் அதிகம் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு துணிப்பொம்மையை வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே வைக்க வேண்டும். அதை நான்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் கேள்விக்குறி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. நோவா எதற்காகக் கொசுவையும் பேழையில் ஏற்றினார் என்று கேட்டுப் போதகரையே திணற வைத்தவள்.

“எல்லாரும் திரும்பி நில்லுங்க. நீங்களும்தான் சார். நான் சுத்துறத யாரும் பாக்கக் கூடாது.”

பக்தி என்று நினைத்துத் திரும்பி நின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்லறை வாசலில் ஒரு கல்லை வைத்ததோடு விட்டிருக்கலாம். எந்த வாலாவது எட்டிப் பார்த்துவிடுமோ என்று கல்லைச் சுற்றி மூன்று அடுக்கு கட்டுப் போட்டு, விரலால் நீவி, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்தேன். பழக்கதோஷத்தில், கட்டுப் போட்ட தேதியையும் பிரிக்கும் தேதியையும் அதன்மேல் மார்க்கரால் எழுதினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஒருவருடைய முழங்கைக்குக் கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவும்போது போன் அடித்தது. கேள்விக்குறியின் அம்மா.

“சார், எங்க வீட்டுல வளக்குற வெள்ளை எலியக் காணோம்.”

எலியைக் காணோம் என்று ஆஸ்பத்திரிக்கா போன் செய்வார்கள்? எரிச்சலை அடக்கிக்கொண்டு, “கட்டிலுக்கு அடியில தேடிப் பாருங்கம்மா” என்றேன்.

“தேடவே வேணாம் சார். எங்க இருக்குன்னு இப்பத்தான் வாயத் தொறந்தா. நீங்க கட்டின கல்லறைக்குள்ள வெச்சிட்டாளாம்.”

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“ஏன் பாப்பா இப்படிப் பண்ணின?”

“உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருமே பாக்கலன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அதான், இந்தத் தடவ இவனாவது பாக்கட்டும்னு...” மூக்கை உறிஞ்சினாள். “பசிக்கும்னு பிஸ்கட்டும் வெச்சேன். மூச்சு முட்டும்னு எனக்குத் தோணவே இல்ல சார். செத்திருப்பானா?”

அடைத்தது நான். பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. எலி செத்துக் கிடந்தால், நாளைக்கு இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உயிர்த்தெழுதலைப் பற்றி எந்த வாயால் பேசுவேன்?

டாக்டரிடம் அவசர கேஸ் என்று சொல்லிவிட்டு, கட்டு வெட்டும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நோயாளி யாரென்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

கூடத்தில் அம்மாவும் மகளும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். கேள்விக்குறி கல்லறைமேல் காதை வைத்து நின்றிருந்தாள்.

“சத்தமே வரல சார்.”

ரம்பத்தை ஓட விட்டேன். தோலில் பட்டால்கூட வெட்டாது, அதிரத்தான் செய்யும். ஆயிரம் கட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு அங்குலம் அங்குலமாக வெட்டினேன். கல் கழன்று விழுந்தது. உள்ளே பொம்மை தனியாகக் கிடந்தது. சுற்றிய துணி கலைந்திருந்தது. பிஸ்கட் தூள் இருந்தது. எலி இல்லை.

கையை விட்டுத் துழாவினேன். பின்பக்கம், அடியில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அது ஆகச் சின்ன வாண்டுகள் ஒட்டிய இடம். பெயருக்கு ஒரே ஒரு அடுக்கு. முன்பக்க அழகில் மயங்கிக் கிடந்த நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டு முழுசாகக் காய ஒரு நாளாகும், அதுவரை ஈரம் என்று தினமும் நோயாளிகளிடம் ஓதுகிறவன் நான். ஈரம் இருக்கும்போதே எலி கடித்திருக்கிறது.

செத்துக் கிடக்கவில்லை, சரி. ஆனால் எங்கே? கூடத்தின் கதவுகள் திறந்தே கிடந்தன. வெளியே மதில்மேல் மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன. அவள் அந்தப் பூனைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆலயத்துக்குள்ளிருந்து ஓர் அலறல். பெருக்கித் துடைக்கும் அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

“தம்பி, நாளைக்குப் பீடத்துல போட மடிச்சு வெச்ச துணிக்குள்ள ஏதோ வெள்ளையா நெளியுது!”

“அக்கா, அடிச்சிடாதீங்க!” என்று நான் கத்தி முடிப்பதற்குள் கேள்விக்குறி எங்களைத் தாண்டிப் பறந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது இரண்டு கைகளையும் குவித்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். விரல்களுக்கு நடுவே மீசை முழுக்க மாவோடு ஒரு மூக்கு துடித்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். அவள் அம்மா, “கொன்னுடுவேன்டி உன்ன” என்று திட்டிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் திறந்த கல்லறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்களின் கதையைச் சொன்னேன்.

“கல்லறை காலியா இருக்கிறதப் பாத்ததும் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?”

“சந்தோஷமா!” என்று எட்டுக் குரல்கள் கூரையைப் பிய்த்தன.

கேள்விக்குறி மட்டும் கையைத் தூக்கினாள்.

“இல்ல சார். கையில வந்து சேர்ற வரைக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்.”

எல்லாப் பிள்ளைகளும் நான் அவளைத் திருத்தப்போகிறேன் என்று என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.